கருவேலம் பிசினும் சுகர் கிளைடரும்

கருவேல மரத்தின் பட்டையில் வெட்டு விழுந்தால், சில நாளில் அந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு கட்டி திரண்டு நிற்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் பக்கத்து ஏரிக்கரைகளில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அதைப் பிய்த்து வாயில் போட்டுக் குதப்புவதுண்டு. குதப்பலாம், பசி தீராது. பிசின் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கிளைகிளையாகப் பின்னிக்கொண்ட நீளமான சங்கிலி. அந்தப் பின்னலை அறுக்கும் நொதியை நம் உடல் சுரப்பதில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழும் ஒரு சின்ன உயிர், பூச்சிகள் கிடைக்காத குளிர்காலத்தை இதே வகைப் பிசினையும் மரச்சாற்றையும் தின்றே கடத்திவிடுகிறது. அதன் எடை 90 முதல் 150 கிராம். உடல் ஒரு சாண் இருக்கும், வாலும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதுதான் சுகர் கிளைடர்.

பெருநகரச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் இந்த விலங்கு, கைப்பேசிக் காணொளிகள் வழியாகச் சின்ன ஊர்ப் பிள்ளைகளின் ஆசையிலும் இடம்பிடித்துவிட்டது. சட்டைப் பைக்குள் உறங்கும், அழைத்தால் தோளுக்குத் தாவிவரும் என்று அந்தக் காணொளிகள் காட்டுவதெல்லாம் உண்மைதான். அவை காட்டாதது, அந்தச் சின்ன உடலுக்குள் எத்தனை நுட்பமான ஏற்பாடுகள் இருக்கின்றன என்பது. முதல்முறையாக வளர்க்க நினைப்பவருக்குச் சொல்லப்படும் விதி ஒவ்வொன்றுக்கும் அந்த உடலில் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் விதி மறக்காது.

முதலில் வாயும் வயிறும். கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டும் முன்னோக்கி நீண்டு கூராக இருக்கும். அவற்றால் மரப்பட்டையைக் கீறிவிட்டுப் போகும். காயத்தை மூட மரம் சாற்றைச் சுரக்கும். பிறகு வந்து நக்கும், அதே கீறலுக்குத் திரும்பத் திரும்ப வரும். விழுங்கிய பிசின் சிறுகுடலைத் தாண்டிக் குடல்முனைப் பைக்குப் போகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள பை அது. நமக்கும் உண்டு, குடல்வால் தொங்குவது அதிலிருந்துதான். நம்முடையது சின்னது. சுகர் கிளைடருக்கு அது நீண்டு பருத்திருக்கும், உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கும். இரவெல்லாம் தோசை மாவு புளிப்பதுபோல அங்கே பிசின் புளிக்கிறது. அந்த நொதித்தலில் பிறக்கும் கொழுப்பு அமிலங்களைக் குடல் உறிஞ்சி, உடலுக்கு எரிபொருளாக அனுப்புகிறது. வேறு பல விலங்குகள் தீண்டாத ஒட்டுப்பொருளில் உணவைக் கண்டுபிடித்த வயிறு அது.

பிசினில் இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது: சுண்ணாம்புச் சத்து. வேதியியல் கணக்கில் கருவேலக் குடும்பத்துப் பிசின் என்பது சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை சேர்ந்த ஓர் உப்பு. சுகர் கிளைடர் விரும்பித் தின்னும் பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு சொற்பம். காட்டில் அந்தக் குறையை ஈடுகட்டப் பிசின் இருக்கிறது. கூண்டில் அது இல்லை. ரத்தத்தில் சுண்ணாம்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதை எந்தப் பாலூட்டியின் உடலும் பொறுத்துக்கொள்ளாது. இறங்கினால் தசை நடுங்கும், வலிப்பு வரும். ஆகவே உணவில் வராததை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளத் தொடங்கும். உணவில் பாஸ்பரஸ் கூடக்கூட இந்தக் கரைதலும் வேகமாகும். முதுகெலும்பும் இடுப்பும் கால் எலும்புகளும் மெலியும். ஒருநாள் விலங்கு பின்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். வீடுகளில் வளரும் சுகர் கிளைடர்களுக்கு அடிக்கடி வரும் நோய் இது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மீட்கலாம். முற்றிய பிறகு கடினம்.

பெயரில் சர்க்கரை இருப்பதால் வாழைப்பழமும் பால் பிஸ்கட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை உள்ள மாவட்டத்தில் கரும்புச்சாறு ஊற்றிக் கொடுக்கவும் தோன்றும். ஆசையாகத்தான் குடிக்கும், பல் சொத்தையாகும், உடல் பெருக்கும், எலும்பு கரையும். உணவில் சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்குக்குள்ளாகவோ இருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதற்காகவே உயிர்க்காட்சிச் சாலைகளில் ஒரு கூழ் வழக்கத்தில் இருக்கிறது. லெட்பீட்டர் போசம் என்ற அரிய ஆஸ்திரேலிய விலங்கின் பெயரால் அதை லெட்பீட்டர் கூழ் என்பார்கள். 150 மில்லி வெதுவெதுப்பான நீர், 150 மில்லி தேன், ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தை உணவு மாவு 25 கிராம், விட்டமின்-தாது உப்புப் பொடி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு வேண்டியது விலங்கின் எடையில் 15 முதல் 20 சதவீதம். அதாவது நூறு கிராம் விலங்குக்கு மொத்தமே 15 முதல் 20 கிராம்தான். அதில் பாதி இந்தக் கூழ், மறுபாதி சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிய பூச்சி போன்ற புரத உணவு. பழம் ஒரு துண்டு, பரிசாக மட்டும்.

தேனின் அருமை ரிஷிவந்தியத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிறப்பே தேனபிஷேகம்தானே. பிசினும் கிடைக்காத பொருளில்லை. நாட்டு மருந்துக் கடையில் சுத்தமான கருவேலம் பிசின் வாங்கித் தூளாக்கி, கொஞ்சம் நீரில் குழைத்து, ஒரு கிளையில் துளையிட்டு அதில் தடவி வையுங்கள். இரவில் அதைக் கீறவும் நக்கவும் சுகர் கிளைடருக்கு ஒரு வேலை கிடைக்கும். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் வேறு மரத்தது, அது இதற்கு ஈடாகாது. பூச்சியை மட்டும் வயலில் பிடிக்காதீர்கள். நம் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளில் படைப்புழுவுக்கு மருந்து அடிக்காத இடம் அரிது. அந்த மருந்தைத் தின்ற வெட்டுக்கிளி ஒன்றே இந்தச் சின்ன உடலுக்கு ஆபத்தாகலாம். பறவை வளர்ப்போருக்கென விற்கப்படும் புழுக்களும், வீட்டில் வளர்த்தெடுத்த சிள்வண்டுகளும் பத்திரமானவை. சாக்லேட், வெங்காயம், பூண்டு மூன்றும் அறவே கூடாது.

இனி, பறத்தல். உண்மையில் அது பறப்பதில்லை, காற்றில் சறுக்குகிறது. முன்காலின் ஐந்தாம் விரலில் தொடங்கிப் பின்காலின் முதல் விரல்வரை உடலின் இரு பக்கமும் ஒரு தோல் மடிப்பு ஓடுகிறது. சறுக்குச் சவ்வு என்று அதைச் சொல்லலாம். உட்கார்ந்திருக்கும்போது விலாவோரம் சுருங்கிக் கிடக்கும். எம்பிக் குதித்துக் கைகால்களை விரித்த கணத்தில் நான்கு மூலையும் இழுபட்டு விரிந்த சதுரமாகிவிடும். சுமார் 1.8 மீட்டர் முன்னேறுவதற்கு ஒரு மீட்டர் உயரத்தை மட்டுமே அது இழக்கிறது. பத்து மீட்டர் உயரப் புளியங்கிளையிலிருந்து கிளம்பினால் பதினெட்டு மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தின் அடிக்குப் போய்ச் சேரும். உயரமான மரங்களிலிருந்து 50 மீட்டர்வரை போனதாகப் பதிவு இருக்கிறது. ஒரு காலைச் சற்றுத் தாழ்த்தினால் அந்தப் பக்கத்துச் சவ்வின் வளைவு மாறும், திசையும் மாறும். வால் நிலைநிறுத்தும். இறங்குவதற்குச் சற்று முன்பு உடலை மேல்நோக்கி வளைக்கும். அதில் வேகம் மட்டுப்பட, நான்கு பாதமும் ஒருசேர மரத்தைப் பற்றும்.

இந்த வித்தையை உங்கள் கூடத்திலும் அது செய்யும். திரைச்சீலையில் ஏறி அலமாரிக்குத் தாவும். அதனால் முதல் விதி: கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இறக்கைகள் முழுதாக ஓய்ந்தனவா என்று பாருங்கள். நம் வீடுகளில் இதற்குள்ள மிகப் பெரிய ஆபத்து தலைக்குமேல் சுழல்வதுதான். அடுத்தது தண்ணீர் நிறைந்த வாளி, அண்டா, மூடி திறந்த கழிப்பறை. சறுக்கி வந்து விழுந்துவிட்டால் வழுவழுப்பான விளிம்பைப் பற்றி ஏற முடியாது.

சவ்வு எப்படி வந்தது என்ற கதை இன்னும் சுவையானது. சுகர் கிளைடர் கங்காருவின் உறவு. குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டி. கரு தாய்க்குள் இருப்பது 15 முதல் 17 நாள்தான். பிறக்கும் குட்டியின் எடை 0.2 கிராம். ஐந்து குட்டிகளை ஒன்றாகத் தராசில் வைத்தால்தான் ஒரு கிராம் வரும். கண் இல்லை, காது இல்லை, பின்கால் வெறும் மொட்டு. ஆனால் முன்கால் மட்டும் தயாராக இருக்கும். அந்தக் கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஊர்ந்து பைக்குள் நுழைந்து முலைக்காம்பைக் கவ்வும். காம்பு அதன் வாய்க்குள் பெருத்து இறுகிக்கொள்ளும். அதன்பின் ஏறக்குறைய 70 நாள் அது தாயைவிட்டு அகல்வதில்லை.

பிறக்கும்போது அதற்குச் சறுக்குச் சவ்வு கிடையாது. பைக்குள் இருக்கும் நாட்களில்தான் விலாத் தோல் தடித்து, மடிந்து, நீள்கிறது. மற்றப் பாலூட்டிகளில் கருப்பைக்குள் மறைந்து நடக்கும் வளர்ச்சி இங்கே வெளியிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வசதியைப் பயன்படுத்தி, 2024-இல் 'நேச்சர்' இதழில் ஒரு விடையை வெளியிட்டார்கள். சவ்வின் வளர்ச்சியில் முதன்மையான பங்கு இஎம்எக்ஸ்2 என்ற மரபணுவுக்கு. அது சுகர் கிளைடருக்கு மட்டும் உரியதல்ல, எலிக்கும் உண்டு. மாறியது அந்த மரபணுவை எந்த இடத்தில், எவ்வளவு காலம் இயக்குவது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதிகள். பைப்பாலூட்டிகளில் சறுக்கும் திறன் மூன்று தனித்தனி வழிகளில் தோன்றியிருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் பறக்கும் அணில் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அதன் கால்வழி பைப்பாலூட்டிகளிலிருந்து பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இரண்டுக்கும் அதே பெரிய கண்கள், அதே விரியும் தோல். பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து ஒரு குருத்தெலும்புக் குச்சி நீண்டு சவ்வைத் தாங்கும், சுகர் கிளைடருக்கு அது இல்லை. மரம் தாண்டும் தேவை ஒன்றாக இருக்க, உடல்கள் வெவ்வேறு வழியில் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

பையைவிட்டு வந்த பிறகும் குட்டி உடனே தனித்து வாழாது. இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் கூட்டில் தாயின் சூட்டில் இருக்கும். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, பையிலிருந்து வெளிவந்து எத்தனை வாரம் ஆகிறது என்பது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்க வேண்டாம். எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். தானே உண்ணத் தெரியாத குட்டியைப் பிழைக்கவைப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

வெப்பம் பற்றிக் கள்ளக்குறிச்சி வாசகருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விலங்கு குளிருக்கு ஒரு வியப்பான விடை வைத்திருக்கிறது. கடுங்குளிரும் பசியும் சேர்ந்தால் அது தன் உடலையே தணித்துவிடும். இதயம் மெதுவாகும், உடல்வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அருகே வரை இறங்கும், மணிக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். இதை மந்தத் துயில் என்போம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் புயல் அடித்த இரவில் சுகர் கிளைடர்கள் கூட்டைவிட்டு வெளியேறாமல் இந்தத் துயிலில் கிடந்தே தப்பியதை, உடலில் பொருத்திய கருவிகள்மூலம் ஆய்வாளர்கள் பதிவுசெய்து 2015-இல் வெளியிட்டார்கள். மார்கழியில் வெள்ளிமலைப் பக்கமோ, குளிர்சாதன அறையிலோ காலையில் சில்லிட்டுக் கிடந்தால் இறந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி மெல்லச் சூடேற்றுங்கள், பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் வளர்வதற்கு அந்த நிலை வந்தால் பசியோ நோயோ காரணமாக இருக்கும்.

குளிருக்கு இருக்கும் விடை வெயிலுக்கு இல்லை. 31 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். கைகால்களை நக்கி எச்சிலால் ஈரமாக்கிக்கொண்டு படுப்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. நம் சமவெளியில் சித்திரை, வைகாசியில் 38, 40 என்று போகும். தகரக் கூரை வீடும் மொட்டைமாடி அறையும் இதற்கு ஆகவே ஆகாது. வீட்டின் குளிர்ந்த உள்ளறை, நிழல், காற்றோட்டம், எந்நேரமும் தண்ணீர். கூண்டுக்கு அருகே ஈரத்துணி மூடிய மண்பானை இருந்தால் நல்லது. இத்தனை ஏற்பாடு செய்ய முடியாத வீட்டில் இதை வளர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

காட்டில் இது தனியாக வாழ்வதில்லை. ஒரு மரப்பொந்தில் ஏழு பெரியவைவரை குட்டிகளோடு ஒட்டிப் படுத்திருக்கும். அந்தக் குடும்பத்தைக் கட்டிவைத்திருப்பது வாசனை. முதன்மை ஆண் தன் நெற்றியிலும் மார்பிலும் உள்ள சுரப்பிகளை மற்றவற்றின்மேல் தேய்த்து எல்லோருக்கும் ஒரே மணத்தைப் பூசுகிறது. மணம் பொருந்தாத அந்நியனை விரட்டிக் கடிக்கும். வளர்ந்த ஆணின் தலையில் முடியற்ற வட்டம் தெரிந்தால் அது சொறி இல்லை, சுரப்பி; களிம்பு தடவ வேண்டாம். புதிதாக வந்த குட்டியிடம் பழகுவதற்கும் மணமே வழி. நீங்கள் உடுத்திய, துவைக்காத பருத்தித் துணி ஒன்றை அதன் தூங்குபைக்குள் போட்டுவையுங்கள். பகலில் அந்தப் பையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பாருங்கள். முதல் சில வாரம் கைபட்டால் கரகரவென்று கத்தும், பயப்படுகிறது என்று பொருள். கையை வெடுக்கென்று இழுக்காமல் பொறுத்திருந்தால் அடங்கிவிடும். கூண்டைச் சுத்தம்செய்யும்போது எல்லாத் துணியையும் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள். அதன் முகவரியையே அழிப்பதாகிவிடும்.

தனியாக அடைபட்ட சுகர் கிளைடர் சோர்ந்துபோகும், தன் ரோமத்தைப் பிய்க்கும். சில வேளை தன் வாலையும் காலையும்கூடக் கடித்துக் குதறிக்கொள்ளும். இரண்டாக வளருங்கள். ஆணும் பெண்ணும் என்றால் ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

கூண்டு மூன்றடி உயரத்துக்குக் குறையாமல், அகலத்தைவிட உயரம் முக்கியமாக இருக்கட்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் குட்டி நுழைந்து வெளியேறிவிடும். பூச்சு உதிரும் துத்தநாகக் கம்பி வேண்டாம், அதை நக்கும். திண்ணையில் வைத்தால் சாரைப்பாம்பும் பூனையும் வரும். இரவு எட்டு மணிக்குமேல்தான் அதற்கு விடியும். ஓடும், நாய்க்குட்டிக் குரலில் குரைக்கும். படிக்கும் பிள்ளை தூங்கும் அறையில் வைக்காதீர்கள்.

நல்ல பராமரிப்பில் 10, 12 ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் கூண்டு வீட்டில் இருக்கும். அப்போது பார்த்துக்கொள்வது யார் என்று இப்போதே பேசிவிட வேண்டும். மருத்துவர் யார் என்பதையும் வாங்குமுன்பே விசாரியுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நம் பக்கத்தில் நல்ல மருத்துவர்கள் உண்டு. இதைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. சின்னசேலத்தைத் தாண்டினால் சேலம் மாவட்டத் தலைவாசலில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கவே கூடாது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு விலங்குகள் அடைபட்டு வந்து சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் பலமுறை சிக்கியிருக்கின்றன. உரிய அனுமதியின்றி இறக்குமதி செய்வது கடத்தல். ரசீதும், எங்கே பிறந்தது என்ற ஆவணமும் கேளுங்கள். தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். இதைப் போலவே இருக்கிறதே என்று நம் காட்டு உயிர்களைப் பிடிப்பதோ இன்னும் பெரிய குற்றம். பறக்கும் அணிலும் தேவாங்கும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. இரவில் விழித்துப் பூச்சி தின்று, சில வேளை பிசினும் நக்கும் தேவாங்குக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேரில் கடவூர் சரணாலயத்தை அறிவித்தது. அதன் இடம் அங்கேதான்.

கடைசியாக, ஒருவேளை வளர்க்க முடியாமல் போனால். கல்வராயன் மலையில் மரம் இருக்கிறது, பிசின் இருக்கிறது, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நல்ல மனதோடுகூடத் தோன்றலாம். டாஸ்மேனியாவில் நடந்ததைக் கேளுங்கள். அந்தத் தீவில் முன்பு சுகர் கிளைடர் கிடையாது. 1830-களில் மனிதர்கள் கொண்டுவந்தவை காட்டில் பரவின. பொந்தில் முட்டையிடும் ஸ்விஃப்ட் கிளி அங்கேதான் இனம் பெருக்குகிறது. இரவில் பொந்துக்குள் புகும் சுகர் கிளைடர், முட்டையையும் குஞ்சையும் மட்டுமல்லாமல் அடைகாக்கும் தாயையும் கொன்று தின்கிறது. இன்று அந்தக் கிளி அழிவின் விளிம்பில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கல்வராயன் மலைப் பொந்துகளிலும் கிளியும் மைனாவும் குக்குறுவானும் அடைகாக்கின்றன. சுகர் கிளைடரை விடுவிக்காதீர்கள். இதை வளர்த்துப் பழகிய வேறொரு குடும்பத்திடம் ஜோடியாகவே ஒப்படையுங்கள். அது தூங்கிய துணியையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.